காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஆள் வீட்டைச் சரியாகப் பழுதுபார்க்காவிட்டால்: பெங்களூருத் தமிழர்களுக்கான கேள்வி பதில்

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரில் பெய்த மழை நினைவிருக்கும். பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, ஏமலூர் பக்கமெல்லாம் டிராக்டரிலும் படகிலும் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பாலிசி இருந்ததால் நிம்மதியாக இருந்தோம். சேதத்தை மதிப்பிட கம்பெனியின் சர்வேயர் வந்தார், "எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் காண்ட்ராக்டர் இருக்கிறார், அவரே எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்றார். மூன்று வாரத்தில் சுவர் பளிச்சென்று ஆனது. பொங்கலுக்குள் அதே சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளித்து, கை வைத்தால் பூச்சு மாவாகக் கொட்டியது. அதைச் சரிசெய்ய வைப்பதற்கு ஏழு மாதம் அலைந்தேன். அதற்குப் பிறகு அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர் பக்கத்துத் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்ட பதில்களும் இவை.

வேலை செய்தது காண்ட்ராக்டர். கம்பெனியிடம் போய்க் கேட்டால் "அவரிடம் கேளுங்கள்" என்கிறார்கள். யார்தான் பொறுப்பு?

எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. ஆளைத் தேர்ந்தெடுத்தது யார், வேலையை ஒப்படைத்தது யார், பணம் கொடுத்தது யார் என்ற மூன்றையும் பாருங்கள்.

மூன்றுமே கம்பெனி என்றால், பொறுப்பும் கம்பெனியுடையதுதான். பணமாகக் கொடுக்க வேண்டியதை வேலையாகச் செய்து தருகிறேன் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த வேலை ஒழுங்காக இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் அவர்களுடைய ஆள், நமக்கும் அவருக்கும் ஒப்பந்தமே கிடையாது. ஆகவே "அவரிடம் கேளுங்கள்" என்பதை ஏற்காதீர்கள்.

ஆளை நீங்களே பிடித்து, எஸ்டிமேட்டை நீங்களே ஒப்புக்கொண்டு, கம்பெனி பணத்தை மட்டும் கொடுத்திருந்தால், வேலையின் தரத்துக்குக் கம்பெனியைப் பிடிப்பது கடினம். அங்கே காண்ட்ராக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான சண்டை வருவது இரண்டுக்கும் நடுவில். சர்வேயர் வாய்மொழியாக ஒரு பெயரைச் சொல்கிறார், அந்த ஆள் உங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார், பணம் கம்பெனியிலிருந்து நேராக அவருக்குப் போகிறது. பின்னால் கேட்டால், "நாங்கள் பெயர்தான் சொன்னோம், தேர்ந்தெடுத்தது நீங்கள்" என்கிறார்கள். எங்களுக்கும் இதுதான் நடந்தது. சர்வேயர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி ஒன்று, "நாளை காலை நம்ம ஆள் வருவார்" என்று, என் மனைவியின் போனில் இருந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி.

அதனால், வேலை தொடங்கும் முன்பே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: "உங்கள் சர்வேயர் சொன்னபடி இன்ன காண்ட்ராக்டரை வீட்டுக்குள் அனுமதிக்கிறேன். இந்த வேலையை உங்கள் நிறுவனம் செய்து தருவதாகவே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் வேலை தொடங்கும் முன் எழுத்தில் தெரிவிக்கவும்." பதில் வராவிட்டாலும், பின்னால் அந்த மின்னஞ்சல் உங்களுக்காகப் பேசும்.

என் பாலிசியில் கம்பெனியே ரிப்பேர் செய்து தரும் என்று இருக்கிறதா?

பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான பொதுவான பாலிசியாக "பாரத் கிருஹ ரக்ஷா" வந்திருக்கிறது. அதில் வழக்கம், நீங்கள் செலவு செய்து பழுதுபார்த்துவிட்டு அந்தத் தொகையைக் கேட்டு வாங்குவது. அதற்கு முந்தைய தீக்காப்பீட்டுப் பாலிசியில், பணம் கொடுப்பதற்குப் பதிலாகக் கம்பெனி தன் விருப்பப்படி தானே சீரமைத்துத் தரலாம் என்ற நிபந்தனை உண்டு. வீட்டுக்கடன் வாங்கும்போது வங்கி சேர்த்துக் கொடுத்த நீண்டகாலப் பாலிசியாக இருந்தால், இன்னும் அந்தப் பழைய வாசகமே இருக்கக்கூடும். பாலிசித் தாள் வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தால் நகல் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

இதில் கவனிக்க வேண்டியது, பாலிசியில் அப்படி இல்லாவிட்டால் அவர்கள் சொல்லும் காண்ட்ராக்டரை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உங்களுக்கு நம்பிக்கையான மேஸ்திரியை வைத்துச் செய்துகொண்டு பில்லைக் கொடுக்கலாம். பலர் இது தெரியாமல், சர்வேயர் சொன்னதே சட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

புதிது போல ஆக்கித் தர வேண்டும் என்று கேட்கலாமா? பழைய டைல்ஸ் மாடல் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

பாரத் கிருஹ ரக்ஷாவின் வாசகப்படி, சேதத்துக்கு முன் வீடு இருந்த நிலைக்குப் பெருமளவு ஈடான நிலைக்குக் கொண்டுவரும் செலவு கிடைக்கும். அச்சு அசலாக அதே டைல்ஸ் என்று பிடிவாதம் பிடிப்பது எடுபடாது. அதற்காக ஹாலின் நடுவில் வேறு நிறத்தில் நாலு டைல்ஸைப் பதித்துவிட்டுப் போவதும் ஈடான நிலை ஆகாது. ஒரே அறைக்குள் தரை பார்வைக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள், நியாயமான கோரிக்கைதான்.

வேலை மோசம் என்பதை எப்படி நிரூபிப்பது? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள்.

பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் எந்தச் சுவரும் இரண்டு மாதம் அழகாக இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு நாமே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு.

ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரிலோ தரையிலோ வைத்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஒரு ராத்திரி முழுவதும், குறைந்தது 16 மணி நேரம், அப்படியே இருக்கட்டும். உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால் ஓதம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தில் நனைந்த செங்கல் சுவர் உலர மாதங்கள் ஆகலாம். புதிய சிமெண்ட் பூச்சுக்கே 28 நாள் கழித்துத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பெயிண்ட் கம்பெனிகள் சொல்கின்றன. வெள்ளம் வடிந்த மூன்றாவது வாரம் எங்கள் சுவருக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். அந்தத் தேதியே போதும், வேலை எப்படி நடந்தது என்று சொல்ல.

பூச்சையும் டைல்ஸையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டிச் சத்தம் வராமல் பொள்ளென்று ஒலித்தால் அடியில் பிடிப்பு இல்லை. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுப் போட்டோ எடுங்கள். குளியலறைத் தளம் என்றால், வடிகுழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீரை 24 முதல் 48 மணி நேரம் நிறுத்தி, கீழ்வீட்டு மேற்கூரையில் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மின்வயர் விஷயத்தில் மட்டும் நீங்களே சோதிக்க வேண்டாம். தண்ணீர் ஏறிய சுவிட்ச் போர்டுகளையும் வயரையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இன்சுலேஷன் சோதனை செய்து, எழுத்தில் வாங்குங்கள். இது வழக்குக்காக மட்டும் இல்லை, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். எது தவறு, ஏன் தவறு, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து, தர்மபுரி கிருஷ்ணகிரியிலிருந்து, வந்து இங்கே வேலை செய்யும் அனுபவசாலி மேஸ்திரிகள் ஒரே பார்வையில் குறையைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் புகார் போகும் நுகர்வோர் ஆணையத்தில் எடைபோடுவது படித்த இன்ஜினியர் கையெழுத்திட்ட தாளைத்தான். மேஸ்திரி சொன்னதை இன்ஜினியரிடம் சொல்லி, அவர் அதைச் சோதித்து எழுதும்படி செய்யுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

வேலை முடிந்த அன்றே "திருப்தி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

நானும் போட்டேன். இருட்டிய நேரம், காண்ட்ராக்டரின் ஆள் வாசலில் நின்றுகொண்டு, "கையெழுத்து இல்லாவிட்டால் எங்களுக்குக் கூலி வராது சார்" என்றார். மனசு கேட்கவில்லை, போட்டுவிட்டேன்.

அதனால் கதவு அடைபட்டுவிடாது. முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ரசீதில் கையெழுத்திட்டாலும், அது மோசடி, தவறான தகவல், வற்புறுத்தல் போன்றவற்றால் வாங்கப்பட்டது என்று காட்டினால் நுகர்வோர் நிவாரணம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் ஒரு காப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. வெறும் கையெழுத்தே எப்போதும் தடையாகிவிடாது. தவிர, அன்று கண்ணுக்குத் தெரியாத குறை பின்னால் வெளியே வந்தது என்பது தனி வாதம். சுவருக்குள் இருந்த ஈரத்தை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், அந்தத் தாளிலேயே கைப்பட இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "வெளிப்பார்வைக்கு வேலை முடிந்துள்ளது. உள்குறைகள் பின்னர் தெரியவந்தால் கேட்கும் உரிமை எனக்கு உண்டு." எழுதியதைப் போட்டோ எடுத்த பிறகு தாளைக் கொடுங்கள்.

"இது பழைய கசிவு, வெள்ளத்தால் வந்ததல்ல" என்கிறார்கள்.

பெங்களூரில் எல்லோருக்கும் சொல்லப்படும் பதில் இது. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மொட்டைமாடி வெடிப்பு வழியாக வருடக்கணக்கில் இறங்கும் கசிவு, தேய்மானம், கட்டும்போதே விட்ட குறை ஆகியவற்றுக்குப் பாலிசி பணம் தராது. வெள்ளம், புயல், தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிதல், குழாய் வெடிப்பு போன்ற திடீர் நிகழ்வுகளுக்குத்தான் தரும்.

ஆனால் க்ளைமை ஏற்று, ஆளும் அனுப்பி, வேலையும் செய்து முடித்த பிறகு இந்தப் பதில் பொருந்தாது. காரணத்தை அப்போதே சர்வேயர் பார்த்து எழுதிவிட்டார். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் ஈரம் வெள்ளத்தால் என்று இருந்தால் வாதம் அங்கேயே முடிந்தது. அறிக்கை உங்களுக்கு எதிராக இருந்தாலும் தளர வேண்டாம். சர்வேயரின் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, தகுந்த காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மறுபடி ஒழுகுகிறது. புகார் முடியும் வரை தொடாமல் விட வேண்டுமா?

வேண்டாம். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமையும்கூட. முதலில் போட்டோ, வீடியோ எடுங்கள், கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலில் சொல்லுங்கள், அப்புறம் தற்காலிகமாக அடையுங்கள். கழற்றிய குழாய்த்துண்டு, பெயர்ந்த பூச்சு, உடைந்த டைல்ஸ் எதையும் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். ஒரு சாக்கில் கட்டித் தேதி எழுதி வையுங்கள். பில்லும் பத்திரம்.

முழுவதையும் நீங்களே இடித்துப் புதிதாகச் செய்துவிட்டுப் பிறகு புகார் செய்தால், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கம்பெனிக்கு ஒரு முறை வந்து பார்க்கவும் சரிசெய்யவும் நியாயமான வாய்ப்புக் கொடுங்கள். எழுத்தில் ஒரு தேதி சொல்லிக் கொடுங்கள்.

புகார் எங்கே, எந்த வரிசையில்?

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலர். பாலிசித் தாளிலும் அவர்களுடைய இணையதளத்திலும் முகவரி இருக்கும். கால் சென்டரில் பேசியது புகார் ஆகாது. மின்னஞ்சல் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள்.

கூடவே, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் "பீமா பரோசா" புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். இலவசத் தொலைபேசி 155255. ஒழுங்குமுறை ஆணையம் தானே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி, பதில் வந்ததா என்று கண்காணிக்கும். அதுவரை பேசாமல் இருந்தவர்கள் அதற்குப் பிறகு பேச ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று காப்பீட்டுப் புகார்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், மற்றது நுகர்வோர் ஆணையம். இரண்டிலும் ஒரே நேரத்தில் போக முடியாது. விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருந்தால் ஓம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார்.

இரண்டில் எது நல்லது?

நான் முதலில் ஓம்புட்ஸ்மனிடம் போகச் சொல்வேன். கர்நாடகத்துக்கான அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது, நாமே பேசலாம். கம்பெனியின் பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். கேட்ட தாள்களெல்லாம் கொடுத்த பிறகு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு, அது கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி நிறைவேற்ற வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் அதற்குப் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வேலையைத் திரும்பச் செய்யும் செலவோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டும், காண்ட்ராக்டரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்தான். ஓம்புட்ஸ்மன் காப்பீட்டு நிறுவனத்தையும் காப்பீட்டு முகவர்கள், தரகர்களையும் மட்டுமே விசாரிப்பார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே செய்யலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால் உங்களுக்கென்ன. எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து முடிவாகும். வீட்டுப் பாலிசிப் பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டப்போவதில்லை, ஆகவே மாவட்ட ஆணையம்தான். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழி தெரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கேளுங்கள்.

காண்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தது கம்பெனிதானே என்று தயங்க வேண்டாம். இன்னொருவர் பணம் கொடுக்க, அவர் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரும் சட்டத்தின்படி நுகர்வோர்தான். இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்ளட்டும், யார் எவ்வளவு என்று ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

அத்தைக்கு 74 வயது, ஸ்ரீராமபுரத்தில் தனியாக இருக்கிறார். ஆங்கிலமும் கன்னடமும் எழுதத் தெரியாது. என்ன செய்வது?

பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நடந்ததை அத்தை தமிழில் தேதிவாரியாகச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதியதை ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். தமிழில் உள்ள ரசீது, கடிதம் எதுவாக இருந்தாலும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுங்கள். வாட்ஸ்ஆப் செய்திகளை அச்செடுத்தால் மட்டும் போதாது, போனிலும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

என்னென்ன செலவைக் கேட்கலாம்?

வேலையைத் திரும்பச் செய்யும் செலவு, இன்ஜினியர் கட்டணம், அவசரத்துக்குச் செய்த ரிப்பேர், மோசமான வேலையால் கெட்டுப்போன பீரோ கட்டில் போன்றவை, மறுபடி வேலை நடக்கும்போது வெளியே தங்கினால் வாடகை. க்ளைம் பணம் தாமதமானால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், மனுவிலேயே எழுதுங்கள்.

கம்பெனி இறங்கிவந்து, திரும்பச் செய்து தருகிறோம் என்கிறது. அதே காண்ட்ராக்டர்தான். ஒத்துக்கொள்ளலாமா?

அதே ஆளை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆளை அனுப்புங்கள், அல்லது இன்ஜினியர் சொன்ன தொகையைக் கொடுங்கள் என்றேன். ஆளை மாற்றினார்கள். வேலை தொடங்கும் முன் நான்கு விஷயம் எழுத்தில் வாங்கினேன். பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை எடுப்பது, ஈரச் சோதனையில் தேறிய பிறகே பூசுவது, பூச்சு உலர்ந்து 28 நாள் கழித்தே பெயிண்ட், ஒவ்வொரு கட்டத்திலும் எங்கள் இன்ஜினியர் வந்து பார்ப்பது. இரண்டாம் முறை முடிந்தபோது காண்ட்ராக்டரின் ஆள் அதே போல வாசலில் தாளோடு நின்றார். டீ கொடுத்து உட்காரவைத்து, அவர் கூலி அதோடு சிக்கக்கூடாது என்று கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். தாளில் "கையெழுத்து அக்டோபர் மழைக்குப் பிறகு" என்று எழுதித் தேதி போட்டு வைத்துக்கொண்டேன். நவம்பர் முதல் வாரம் பாலித்தீன் தாளை ஒட்டிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அன்றுதான் கையெழுத்துப் போட்டேன்.